பரிசோதனைக் குறும்படங்களுக்கு மேடையிலேயே பாதி கற்பனையாக வாசிக்கிறார்களே, அது என்ன இசை?

திரையில் படம் ஓட, பக்கத்தில் உட்கார்ந்து கலைஞர்கள் வாசிக்கும் இசை. எங்கே தொடங்குவது, எந்தக் காட்சியில் மாறுவது, எப்படி முடிப்பது என்பதை முன்பே பேசி வைத்திருப்பார்கள். நடுவில் வருவது அந்த நேரத்துக் கற்பனை.

ஏன் இப்படி? இந்தப் படங்களில் பெரும்பாலும் கதை இருக்காது, வசனம் இருக்காது. வெளிச்சமும் அசைவும்தான். அதற்கு வளைந்து கொடுக்கிற இசை வேண்டும். 1924இல் பாரிசில் ஒரு பாலே நிகழ்ச்சியின் இடைவேளையில் காட்டிய குறும்படத்துக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி சின்னச் சின்னத் துண்டுகளாக இசை எழுதினார். படத்தின் ஓட்டத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்து வாசிக்கலாம்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரம் தோடியில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். தவில்காரர் கண் மட்டும் மணவறை மேலேயே இருக்கும். தாலி எந்த நொடியில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தி ஆட்டியதும் ராகத்தை அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளம்! திரைதான் இங்கே அந்த விரல். எனக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் தெரியவில்லை.

அப்புறம், 'ஒத்திகை இல்லாமல் மனம் போனபடி வாசிப்பது' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலும் படத்தைப் பலமுறை பார்த்து, காட்சி மாறும் இடங்கள் மனதில் பதிந்த பிறகுதான் மேடை ஏறுகிறார்கள்.