நாக்கு எந்தப் பக்கம், உள்நாக்கு எந்தப் பக்கம்?

தங்கச்சி, மூளை நரம்புகளில் நாக்கை அசைக்கும் 12-ஆம் நரம்பு பழுதானால் நாக்கு எங்கே சாயும், அண்ணத்தை (வாயின் மேற்கூரையை) உயர்த்தும் 10-ஆம் நரம்பு என்றால் உள்நாக்கு எங்கே போகும் என்று குழம்புவதாக எழுதியிருந்தீர்கள். மனப்பாடம் வேண்டாம். நாக்குத் தசை தள்ளும், அண்ணத் தசை இழுக்கும், அவ்வளவுதான்.

ஜெலுத்தோங் சந்தையில் தள்ளுவண்டியின் வலப்பக்கத்தை மட்டும் ஒருவர் தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்பும், இல்லையா? அதேபோல் இடது நரம்பு பழுதானால் நீட்டிய நாக்கும் இடப்பக்கமே சாயும். உள்நாக்கு கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. 'ஆ' சொல்லச் சொன்னால் வலுவுள்ள பக்கம் இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், வாசனையை உணரும் 1-ஆம் நரம்பைச் சோதிக்க ஸ்பிரிட்டை நீட்டாதீர்கள். அதன் நெடி மூக்கின் எரிச்சலை உணரும் 5-ஆம் நரம்பையும் உறுத்தும். பினாங்கில் பயிற்சியின்போது நான் அப்படிச் செய்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துளையாகக் கொஞ்சம் கோப்பித் தூளைக் காட்டுங்கள், போதும்.