இரண்டு மாதம் போதாது, அம்மிணி

கேள்வி: எனக்கு 25 வயது. பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கிறேன். அந்தியூர் பக்கம் கிராமம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் இரண்டு வருடம் தன்னார்வலராகப் பாடம் எடுத்தேன். தான்சானியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு இரண்டு மாதம் தன்னார்வ ஆசிரியராக அனுப்புவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. விமான டிக்கெட் போக ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். மஞ்சள் விற்ற பணத்தைத் தருவதாக அப்பா சொல்லிவிட்டார். அம்மா, "கல்யாணம் பண்ற வயசுல எதுக்கு இது?" என்கிறார். போகலாமா?
- ஒரு வாசகி, அந்தியூர்

பதில்:

போங்கள். ஆனால் அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டிப் போக வேண்டாம், இரண்டு மாதத்துக்கும் போக வேண்டாம்.

நான் அதே நாட்டில், இரிங்கா பக்கம் மலைக் கிராமம் ஒன்றில் இரண்டு வருடம் பாடம் நடத்தியவள் என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன். முதல் வாரம் நான் ஆங்கிலத்தில் நிறங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க அட்டைகளோடு போனேன், நான் அட்டையைத் தூக்குவதற்குள் வகுப்பே ஒரே குரலில் எல்லா நிறத்தையும் ஒப்பித்துவிட்டது. எனக்கு முன்னால் வந்துபோன மூன்று பேரும் அதே பாடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள், அதைத் தாண்டுவதற்குள் கிளம்பியும் போயிருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு சின்னப் பெண் கிட்ட வந்து என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எப்போ போவீங்க, ம்வாலிமு?" என்று கேட்டாள். ம்வாலிமு என்றால் ஆசிரியர். அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயை இன்றும் மக்கள் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள், அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவ்வளவு பெரிய சொல்லால் நம்மைக் கூப்பிடுகிற குழந்தையிடம் "எட்டு வாரம்" என்று எப்படிச் சொல்வது?

ஒரு முழுக் கல்வியாண்டாவது இருப்பேன் என்று முடிவு செய்யுங்கள். அங்கே அது ஜனவரியில் தொடங்குகிறது.

அடுத்தது மொழி. அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பாடமெல்லாம் சுவாஹிலியில், உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் எல்லாமே ஆங்கிலத்தில். நேற்று வரை தன் மொழியில் பின்னக் கணக்கை அழகாகப் போட்ட பையன் இன்று கேள்வியே புரியாமல் உட்கார்ந்திருப்பான். கணக்கு டீச்சரான உங்களுக்கு அங்கே உண்மையான வேலை இதுதான், அதைச் செய்ய உங்களுக்கு சுவாஹிலி தெரிந்திருக்க வேண்டும். பயப்படாதீர்கள், ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள், எழுதியபடியே படிக்கலாம். போவதற்கு முன்பே மூன்று நான்கு மாதம் உட்கார்ந்து படியுங்கள். மணி சொல்வதிலிருந்தே வித்தியாசம் ஆரம்பிக்கும். நம்மூர்ப் பெரியவர்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதைப் போல அவர்களும் விடியலிலிருந்து எண்ணுகிறார்கள், நம் கடிகாரத்தில் காலை எட்டு மணி அவர்களுக்கு இரண்டு மணி. இது தெரியாமல் ஆசிரியர் கூட்டத்துக்கு மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்றேன். கூட்டம் காலையிலேயே முடிந்திருந்தது.

கிராமத்து வாழ்க்கை உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. மக்காச்சோள மாவில் உகாலி என்று கிளறுவார்கள், நம்ம களியேதான்: கையில் உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணி, அதில் கீரையையோ பீன்ஸ் குழம்பையோ அள்ளிச் சாப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி என் கையைப் பார்த்துவிட்டு "இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார், எங்கள் ஆத்தா என்றேன். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகாமோ" என்று சொல்ல வேண்டும், உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பதுதான் அதன் மூலப் பொருள். அவர்கள் "மரஹாபா" என்பார்கள். இதை முதல் நாளே சொல்லப் பழகினால் ஊர் உங்களைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொள்ளும். ஜூன், ஜூலையில் இரிங்கா பக்கம் நல்ல குளிர், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

ஒரு விஷயம் மனசைக் கஷ்டப்படுத்தும். அங்கே பள்ளியில் பிரம்படிக்குச் சட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறது. ஒரு சக ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து அடித்தபோது நான் அங்கேயே சத்தம் போட நினைத்தேன், பிள்ளைகள் முன்னால் அவரை அவமானப்படுத்தக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது, எங்கள் நாட்டிலும் இப்படித்தான் இருந்தது, 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம்தான் தடை செய்தது என்று ஆரம்பித்துப் பல நாள் பேசினோம். அவர் முழுக்க மாறவில்லை. ஆனால் என் வகுப்புக்குள் பிரம்பு வரவில்லை.

சரி, காசு விஷயம். அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: ஒன்றரை லட்சத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது, எந்த விசாவில் அனுப்புகிறீர்கள்? சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் எடுப்பது அங்கே சட்டவிரோதம், தன்னார்வ வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் ஒரு பைசா வாங்குவதில்லை, மாதப்படியும் தருகிறது, ஆனால் கிராமத்துப் பள்ளி வேலை அதில் அடிக்கடி வராது. அதனால் பள்ளி நடத்துகிற உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாக எழுதிப் பாருங்கள், தலைமையாசிரியரோடு வீடியோவில் பேசாமல் எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட்டுவிடுங்கள், சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். மலேரியா மாத்திரை பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். தங்கப்போகும் வீட்டை, அந்த வீட்டு அம்மாவை வீடியோவில் காட்டுங்கள், அதுவே பாதிப் பயத்தைப் போக்கிவிடும். கல்யாணம் ஒரு வருடம் பொறுக்கும், அதை அப்பா பேசட்டும்.

அப்புறம், ஜனவரி வரை சும்மா இருக்காதீர்கள். உங்கள் ஊருக்கு மேலேயே பர்கூர் மலை இருக்கிறது. அங்கே பல வீடுகளில் பேச்சு கன்னடம், பாடப்புத்தகம் தமிழ். வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறிப் போய், ஏதாவது ஒரு பள்ளியில் அனுமதி வாங்கிக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறு என்றிருக்கிற பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். மஞ்சள் காசை இப்போதைக்கு அப்படியே வைக்கச் சொல்லுங்கள், டிக்கெட்டுக்கும் ஊசிக்கும் வேண்டியிருக்கும்.