மார்பகப் புற்றுநோயும் தாவர மருந்துகளும்: கேள்வி பதில்

பதிலளிப்பவர்: மருந்தியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை, சென்னை

கேள்வி (பெரம்பூர்): அம்மா, என் அக்காவுக்கு வாரந்தோறும் பேக்லிடாக்சல் ஏற்றுகிறார்கள். அது மரப்பட்டையிலிருந்து வந்த மருந்து என்று செவிலியர் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மைதான். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையைத் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே 1962-இல் சேகரித்தார். அதிலிருந்து இந்த மூலக்கூறைப் பிரித்தெடுத்த வேதியியலாளர்கள் மன்றோ வாலும் மன்சுக் வானியும் 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது அதனுள் இருக்கும் நுண்குழல்கள் என்ற மெல்லிய இழைகள் உருவாவதும் கலைவதுமாக இருக்க வேண்டும். அவற்றைக் கலையவிடாமல் இந்த மருந்து இறுக்கிவிடுவதால் செல் பிரிய வழியின்றி மடிகிறது என்று 1979-இல் மருந்தியலாளர் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது 1994-இல்தான். பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போய்விடும் என்பதால், ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளில் கிடைக்கும் மூலப்பொருளை ஆய்வகத்தில் மாற்றிச் செய்யும் முறை பின்னர் வந்தது. இதே வகையைச் சேர்ந்த டோசிடாக்சல் என்ற மருந்தும் அவ்வாறு பிறந்ததே. பேக்லிடாக்சல் நீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் கரைப்பானில் அதைக் கலப்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரக்கூடும். உங்கள் அக்காவுக்கு முன்னதாக ஸ்டீராய்டு ஊசி போடுவது அதற்காகத்தான்.

கேள்வி (கொரட்டூர்): எங்கள் வீட்டு மதிலோரம் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கிறது. அதிலும் புற்றுநோய் மருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள். இலையைக் கஷாயமாக்கிக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் இச்செடி தந்தவை. இவற்றின் வழியில் உருவான வினோரெல்பின் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. ஆனால் இலையில் இவை மிக மிகச் சிறிய அளவிலேயே உள்ளன. அந்த அளவும் செடிக்குச் செடி மாறும். நரம்பையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும் இந்தப் பொருள்களை மருத்துவமனையில் உடலளவு கணக்கிட்டு, ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே ஏற்றுகிறார்கள். அடுப்படியில் அந்தக் கணக்குக்கு வழியில்லை.

கேள்வி (மயிலாப்பூர்): நான் டமாக்சிஃபென் எடுத்துக்கொள்கிறேன். கூடவே மிளகுச் சத்து சேர்ந்த மஞ்சள் மாத்திரையும் சாப்பிடுகிறேன். தவறா?

பதில்: குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மாத்திரையை மட்டும் உங்கள் மருத்துவரிடம் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள். ஆய்வகத் தட்டில் வளர்க்கும் மார்பகப் புற்றுச் செல்களை மஞ்சளிலுள்ள குர்குமின் கட்டுப்படுத்துகிறது என்பது மெய்யே. ஆனால் விழுங்கும்போது அது ரத்தத்தில் சேர்வது சொற்பம். உறிஞ்சுதலைக் கூட்டத்தான் மிளகின் பைப்பரின் சேர்க்கப்படுகிறது. அதுவே பிற மருந்துகளைக் கையாளும் கல்லீரல் நொதிகளிலும் குறுக்கிடுகிறது. 2019-இல் நெதர்லாந்தில் வெளியான சிறிய ஆய்வொன்றில், இந்தக் கூட்டை உட்கொண்ட பெண்களின் ரத்தத்தில் டமாக்சிஃபெனின் வீரியமுள்ள வடிவமான எண்டாக்சிஃபெனின் அளவு குறைந்தது. நோய் திரும்பாமலிருக்க எடுக்கும் மருந்தை இப்படி நாமே நீர்த்துப்போகச் செய்வானேன்?

கேள்வி (வியாசர்பாடி): முள்சீத்தா சாப்பிட்டால் கீமோவே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

பதில்: அதை மனிதர்களிடம் நிரூபித்த சோதனை எதுவும் இல்லை. அதிலுள்ள அன்னோனாசின் நரம்புச் செல்களைப் பாதிக்கக்கூடியது என்பதை அந்தச் செய்தியை அனுப்புபவர்கள் சொல்வதில்லை.

கேள்வி (சேலையூர்): அம்மாவுக்குக் கட்டி சிறியதுதான். சில மாதம் சித்த மருந்து பார்த்துவிட்டு, கேட்காவிட்டால் அறுவை சிகிச்சைக்குப் போகலாமா?

பதில்: கட்டி சிறியதாக இருக்கும் இந்தக் காலத்தைத்தான் தவறவிடக் கூடாது. வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளின் இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சித்த மருத்துவத்தை நான் இகழவில்லை. பசியின்மைக்கும் சோர்வுக்கும் துணை மருத்துவம் வேண்டுமென்றால், உங்களுக்கு அருகிலேயே தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆனால் சில சித்த மருந்துகளில் பாதரசமும், ஆர்சனிக் போன்ற பாஷாணமும் சேர்வதுண்டு. ஆகவே எந்த மருந்தானாலும், பெயர் தெரியாத பொட்டலமானாலும், அதை அப்படியே புற்றுநோய் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் எதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மயக்க மருந்து நிபுணரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.