அட்வான்ஸ் பணம் செலவாகிவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தாம்பரத்தில் மாடி வீட்டை 14,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் பத்து மாத அட்வான்ஸ் 1,40,000 வாங்கினேன். பெயிண்ட், புது மோட்டார், கிரில் கேட் என்று அதிலேயே 1,05,000 போய்விட்டது. இப்போது இரண்டு மாதத்தில் காலி செய்கிறோம் என்கிறார்கள். புதிதாக வருபவரிடம் வாங்கி இவர்களுக்குக் கொடுக்கலாமா? பெயிண்ட் செலவைப் பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, புதியவர் பணத்தை நம்பி இருக்காதீர்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் என்ன செய்வீர்கள்?

எங்கள் வீட்டில் இது நடந்தது. சாமான் ஏற்றிய டெம்போ வாசலில் நிற்கிறது, குடியிருந்தவர் எங்கள் படியில் உட்கார்ந்திருக்கிறார். அட்வான்ஸ் கைக்கு வராமல் சாவி தர முடியாது என்று அவருடைய புது வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். டெம்போக்காரர் வெயிட்டிங் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில் என் அம்மா வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக்கடைக்குப் போனார். அந்த மனிதர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் அம்மாவுக்கு ரொம்ப வலித்தது. அட்வான்ஸ் என்பது அவர்கள் பணம், நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டோம்.

இப்போதே அவர்களிடம் மறைக்காமல் பேசுங்கள். கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். அதில் 28,000 குறையும். மீதி 1,12,000. கையில் இருக்கும் 35,000 போக 77,000 வேண்டும். வங்கியில் எஃப்.டி. இருந்தால் அதை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்குங்கள். இல்லையென்றால் வங்கி நகைக்கடன். கைமாற்று வட்டிக்கு மட்டும் போகாதீர்கள்.

பெயிண்ட் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லப்போகிறேன். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி குடியிருப்பவருடையது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டுக்கு' என்று எழுதியிருந்தால் பிடிக்கலாம். எழுதாமல் பிடித்தால் அது நியாயமில்லை. மூன்று வருடம் குடும்பம் நடத்திய வீட்டில் சுவர் மங்கத்தானே செய்யும்? மோட்டாரும் கேட்டும் உங்கள் வீட்டோடுதான் இருக்கப்போகின்றன, அந்தப் பேச்சே வேண்டாம்.

அடுத்து வருபவரிடம் பத்து மாதம் கேட்காதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைதான் சட்டம் சொல்லும் அளவு, உங்களுக்கு 42,000. வீட்டைத் திரும்ப ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சின்னத் தொகையாக இருந்தால் திருப்புவதும் சுலபம். அதை வங்கி வழியாக வாங்கி, தனி எஃப்.டி.யில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள், இணையத்திலேயே முடியும்.

அப்புறம், வீட்டுச் செலவுக்கு வாடகையிலிருந்து மாதம் 2,000 ஆர்.டி. போடுங்கள். மூன்று வருடத்தில் 72,000, வட்டி தனி. அடுத்த பெயிண்டுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். வருமான வரியில் பெயிண்ட் பில்லைக் காட்டிக் கழிக்க முடியாது. நீங்கள் கட்டிய சொத்து வரி போக, மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு, செலவு கூடினாலும் குறைந்தாலும் அதேதான்.

காலி செய்யும் நாளில் அவர்களோடு சேர்ந்து ஈ.பி. மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அறை அறையாக போட்டோ எடுங்கள். பிடித்தம் ஏதும் இருந்தால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மீதியை அங்கேயே அனுப்பிவிட்டு, பணம் ஏறிவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகு சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.