பாராரெஸ்க்யூ தேர்வுக்குத் தயாராவது எப்படி? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அமெரிக்க விமானப்படையின் பாராரெஸ்க்யூ பிரிவில், சுருக்கமாக பிஜே, சேர நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பதில் எழுதுகிறேன். நான் 22 வயதில் இந்தத் தேர்வுக்குப் போய் நீர்ப்பயிற்சியில் தோற்றவன். அதன்பின் அதே விமானப்படையில் மருத்துவப் பணியில் ஆறு வருடம் இருந்தேன். இப்போது டெக்சாஸில் பாராமெடிக், அதாவது ஆம்புலன்ஸில் போய் அவசர சிகிச்சை கொடுப்பவன். சனிக்கிழமை காலைகளில், இதற்குப் போகிறவர்களுக்கு நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறேன்.

கேள்வி: அண்ணா, பிஜே என்றால் என்ன வேலை? அமெரிக்கக் கடற்படையின் சீல் அதிரடிப் படை மாதிரியா?

பதில்: இல்லை தம்பி. சண்டையும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் வேலை ஆளைக் காப்பாற்றுவது. விழுந்த விமானத்திலிருந்தும், கடலிலிருந்தும், மலையிலிருந்தும் அடிபட்டவரைத் தேடி எடுத்து, உயிரோடு வைத்திருந்து, கொண்டுவந்து சேர்ப்பது. ஒவ்வொரு பிஜேயும் சான்றிதழ் பெற்ற பாராமெடிக்.

இது தொடங்கிய கதை நம் பக்கத்து ஊர்க் கதை. 1943 ஆகஸ்ட் 2 அன்று அஸ்ஸாமின் சபுவாவிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்ட சி-46 விமானம் இந்திய-பர்மா எல்லையில் நாகா மலைக்காட்டில் விழுந்தது. பாராசூட்டில் குதித்துத் தப்பியவர்களில் அடிபட்டவர்களும் இருந்தார்கள், அருகில் இறங்க ஓடுதளம் கிடையாது. டான் ஃப்ளிக்கிஞ்சர் என்ற ராணுவ மருத்துவரும் இரண்டு மருத்துவ உதவியாளர்களும் தாமாக முன்வந்து அந்தக் காட்டுக்குள் குதித்தார்கள். காயம் ஆறும்வரை கூடவே இருந்து, பிறகு எல்லாருமாக நடந்தே இந்தியப் பக்கம் வந்தார்கள். அடிபட்டவன் இருக்கும் இடத்துக்கு மருத்துவம் தெரிந்தவன் போக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. 2018-இல் தாய்லாந்துக் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியபோது உதவப் போன அமெரிக்கக் குழுவிலும் பிஜேக்கள் இருந்தார்கள்.

கேள்வி: சேர்ந்த நாளிலிருந்து பிஜே ஆகும்வரை என்னென்ன படிகள்?

பதில்: முதலில் எல்லாரையும் போல அடிப்படைப் பயிற்சி. அப்புறம் சில வாரத் தயாரிப்புப் பயிற்சி, அதைத் தொடர்ந்து சான் அன்டோனியோவில் சுமார் நான்கு வாரத் தேர்வு. என் காலத்தில் அமைப்பு வேறு, இன்டாக் என்று பெயர். இந்தத் தேர்வில்தான் பெரும்பாலானவர்கள் வெளியேறுவார்கள். தாண்டியவர்களுக்கு ஃப்ளோரிடாவில் டைவிங், ஜார்ஜியாவில் பாராசூட், அரிசோனாவில் உயரத்திலிருந்து குதிக்கும் ஃப்ரீஃபால், வாஷிங்டன் மாநிலத்தில் எதிரி நிலத்தில் பிழைத்துவருவதற்கான பயிற்சி, நியூ மெக்சிகோவின் கர்ட்லண்ட் தளத்தில் பாராமெடிக் படிப்பும் கடைசிப் பயிற்சியும். மொத்தம் ஏறக்குறைய இரண்டு வருடம். எல்லாரும் அந்த நான்கு வாரத் தேர்வைப் பற்றியே கேட்கிறார்கள். பாராமெடிக் படிப்பில் மருந்து அளவும் இதயத் துடிப்பு வரைபடமும் படிக்கத் திணறி நின்றுபோகிறவர்களும் உண்டு. பள்ளியில் உயிரியலை ஒழுங்காகப் படித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: உடற்தகுதியில் எவ்வளவு வேண்டும்? எனக்கு 9 புல்-அப் வருகிறது.

பதில்: ஆரம்பத் தகுதித் தேர்வில் குறைந்தபட்சமாகச் சொல்லப்படுவது 8 புல்-அப், 50 சிட்-அப், 40 புஷ்-அப், ஒன்றரை மைல் ஓட்டம் 10 நிமிடம் 20 வினாடிக்குள். அதோடு 25 மீட்டர் நீருக்கடியில் இரண்டு முறை, 500 மீட்டர் நீச்சல். எண்கள் அவ்வப்போது மாறும், ஆட்சேர்ப்பு அலுவலரிடம் அன்றைய தாளைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் குறைந்தபட்சம் என்பது கதவு. கதவைத் தாண்டி உள்ளே போனதும் முதல் நாளே அதைப் போல இரண்டு பங்கு கேட்பார்கள், அதுவும் தூக்கமில்லாமல், நனைந்த உடையோடு. 9 வருகிறது என்றால் 16 வரட்டும், அதுவும் நீந்தி முடித்துக் கரையேறிய கையோடு வரட்டும்.

கேள்வி: நீங்கள் ஏன் தோற்றீர்கள்? கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஓட்டத்தில் முதல் ஐந்து பேருக்குள் வருவேன். புஷ்-அப் எவ்வளவு சொன்னாலும் எடுப்பேன். தண்ணீரில் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு பேர் நேருக்கு நேர் மிதக்க வேண்டும், இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்நார்கெல் குழாய். ஆளுக்கு இரண்டு மூச்சு இழுத்துவிட்டு அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் பயிற்றுநர் வந்து தள்ளுவார், அமுக்குவார், குழாயின் வாயைக் கையால் மூடுவார். அப்போது வருவது மூச்சு அல்ல, தண்ணீர். அன்று என் முறை வந்தது, இரண்டு மூச்சிலும் பாதி தண்ணீர். மூன்றாவது மூச்சையும் நானே இழுத்தேன். எதிரில் இருந்தவன் என் மணிக்கட்டைப் பிடித்தபடி காத்திருந்தான். முகமூடிக் கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் பெரிதானது இன்றும் எனக்குத் தெரிகிறது. அவன் குழாயைப் பிடுங்கவில்லை. என் பங்கை அவன் மதித்தான், அவன் பங்கை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே என்னை வெளியே அனுப்பினார்கள், சரியாகத்தான் செய்தார்கள். அந்தக் குளத்தில் அவர்கள் பார்ப்பது நீச்சல் அழகை அல்ல. மூச்சு இல்லாத நேரத்தில் உன் கண் எங்கே போகிறது, மேலேயா, கூட இருக்கிறவனிடமா? நாளைக்கு அவன் இடத்தில் காயம்பட்ட ஒருவர் இருப்பார். நான் ஆறு மாதம் புஷ்-அப் எடுத்தேன், குளத்துக்கு வாரம் ஒரு முறை போனேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: யூட்யூபில் கை கால் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறார்கள். எங்கள் அப்பார்ட்மெண்ட் குளத்தில் இரவு யாரும் இருக்க மாட்டார்கள், பழகிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

காரணத்தைப் புரிந்துகொள். மூச்சை அடக்கும்போது "மேலே போ" என்று உன்னைத் தள்ளுவது உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் குறைவு அல்ல. வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்துவிட்டு உள்ளே போனால் கார்பன் டை ஆக்சைடு முன்கூட்டியே வெளியேறிவிடும். அதனால் மூச்சு முட்டும் உணர்வு தாமதமாகும், ஆனால் ஆக்சிஜன் வழக்கம்போல் தீர்ந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கை வருவதற்குள் நினைவு போய்விடும். வலி இருக்காது, திணறல் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிச் சாகிறார்கள்.

போன கோடையில் எங்கள் குளத்தில் ஒரு பையன், நல்ல நீச்சல்காரன், நீருக்கடியில் போய்க்கொண்டிருந்தான். 20 மீட்டர் தாண்டியதும் கைவீச்சு மட்டும் சிறிதாகிக்கொண்டே வந்தது. கால் நின்றுவிட்டது, கை மட்டும் அசைகிறது, முகம் தரையின் கறுப்பு ஓட்டுக் கோட்டைப் பார்த்தபடி. மேலே அவனோடு கூடவே நீந்திக்கொண்டிருந்த பெண் உடனே இறங்கி இழுத்தாள். கரையில் போட்டபோது உதடு நீலம். முகத்தைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டோம், சில வினாடிகளில் மூச்சு வந்தது. "நான் முடித்துவிட்டேனா?" என்றான். தனக்கு நினைவு போனதே அவனுக்குத் தெரியவில்லை. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்களே, தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று ஊரில் அதற்கு விளக்கம் சொல்வார்கள். தண்ணீருக்கும் அதேதான். ஒருவர் உள்ளே என்றால் ஒருவர் மேலே, அவரும் உன்னோடு சேர்ந்து மூச்சடக்கக் கூடாது. உள்ளே போகுமுன் சாதாரண மூச்சு, கடைசியில் ஒன்று ஆழமாக, அவ்வளவுதான். 10 மீட்டரில் தொடங்கு, ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் வழுக்கிப் போக விடு, அவசரப்படாதே. அவசரம்தான் ஆக்சிஜனைத் தின்னும். கை கால் கட்டுவதெல்லாம் பயிற்சியாளர் இருக்கும் இடத்தில் மட்டும்.

கேள்வி: ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி. பொறுத்துக்கொண்டு ஓடலாமா? முதுகில் பை வைத்தும் நடக்கிறேன்.

பதில்: ஒரு விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிகிற வலி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், எலும்பில் விரிசலாக இருக்கலாம். நீளமாகப் பரவிய வலி என்றால் தூரத்தைக் குறையுங்கள். பையோடு ஓட வேண்டாம், நடங்கள், வாரம் ஒரு முறை போதும், 20 பவுண்டில் தொடங்குங்கள். தசை சில வாரங்களில் பழகும், எலும்புக்கு மாதங்கள் ஆகும்.

கேள்வி: சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது. சொல்லாமல் விட்டால்?

பதில்: சொல்லாமல் விடாதீர்கள், இப்போது மருத்துவப் பதிவுகள் கணினியிலேயே அவர்களுக்கு வந்துவிடும். 13-ஆம் பிறந்தநாளுக்குப் பிறகு இருந்திருந்தால்தான் சிக்கல், அதற்கும் விலக்கு கேட்கும் வழி உண்டு.

கேள்வி: வீட்டில் சைவம். புரதத்துக்கு என்ன செய்வது?

பதில்: பருப்பு, கொண்டைக்கடலை, தயிர், பன்னீர், சோயா, டோஃபு. முட்டை சாப்பிடலாம் என்றால் எளிது. சோற்றைக் குறைக்காதீர்கள், இவ்வளவு நீந்துகிறவனுக்கு மாவுச்சத்து வேண்டும். ராணுவப் பொட்டல உணவிலும் சைவ வகைகள் உண்டு, ஆனால் எப்போதும் கையில் கிடைக்கும் என்று இருக்க முடியாது. இதை மனதில் முடிவுசெய்துகொண்டு போங்கள்.

கேள்வி: நான் பெண். எங்களுக்கு வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு அம்மா. 2015 டிசம்பரில் எல்லாப் போர்ப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்தார்கள். அளவுகோல் இருவருக்கும் ஒன்றுதான். புல்-அப்புக்குக் கூடுதல் மாதங்கள் ஒதுக்கு. மேலே சொன்னேனே, பையனை இழுத்துவந்த பெண், அவள் இதற்குத்தான் தயாராகிறாள்.

கேள்வி: சார், நான் கோயம்புத்தூர், கல்லூரி இரண்டாம் வருடம். எனக்கு வழி உண்டா?

பதில்: பிஜேவுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், பச்சை அட்டை கூடப் போதாது. இந்தியாவில் இதற்கு நெருங்கியது விமானப்படையின் கருட் படை. 2004-இல் உருவானது, வீழ்ந்த விமானிகளைப் போர்க்களத்தில் தேடி மீட்பதும் அதன் கடமை. மீட்பு வேலைதான் உங்களை இழுக்கிறது என்றால் தேசியப் பேரிடர் மீட்புப் படையைப் பாருங்கள், அதன் 4-ஆம் பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. அதற்கு நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது, சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகளில் சேர்ந்து அங்கிருந்து போக வேண்டும். தண்ணீர்ப் பயிற்சி எங்கேயானாலும் உதவும், இன்றே தொடங்கலாம்.

கேள்வி: தம்பி, என் மகனுக்கு 17. என் கையெழுத்தைக் கேட்கிறான். போடுவதா வேண்டாமா?

பதில்: அக்கா, ஆபத்து இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். 1966 ஏப்ரல் 11 அன்று வியட்நாமில் வில்லியம் பிட்ஸன்பார்கர் என்ற பிஜே ஹெலிகாப்டரிலிருந்து காட்டில் இறங்கி அடிபட்டவர்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டர் சுடுபட்டுத் திரும்பியபோது அவர் கீழேயே இருந்துவிட்டார், அன்று இரவு இறந்தார். வயது 21. இதைத் தெரிந்துகொண்டு அவன் கேட்கிறானா என்று பாருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: தேர்வில் தோற்றால் விமானப்படை தனக்குத் தேவையான வேறு வேலையில் போடும், ஒப்பந்தம் அப்படியே இருக்கும். அந்த வேலையையும் செய்யச் சம்மதமா? பட்டம் முடித்துவிட்டுப் போனால் காம்பேட் ரெஸ்க்யூ ஆஃபீசர் என்ற அதிகாரி வழியும் உண்டு, ஆகையால் கல்லூரிக்குப் போனால் கனவு போய்விடும் என்று அவன் சொன்னால் அது சரியல்ல. என் கருத்து, ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு வருடத்தில் வாரம் மூன்று நாள் குளத்துக்குப் போகிறானா பாருங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: என் மகன் பயிற்சி செய்யும்போது நானே கரையில் நின்று பார்த்துக்கொண்டால் போதுமா? எனக்கு நீச்சல் தெரியாது. வயது 52.

பதில்: போதாது ஐயா. அவன் அடியில் நின்றுபோனால் நீங்கள் கரையிலிருந்து கத்தத்தான் முடியும். லைஃப்கார்டு இருக்கும் நேரத்தில் மட்டும் அவனை இறங்கச் சொல்லுங்கள். நீங்களும் கற்றுக்கொள்ளலாம், எங்களிடம் 60 வயதில் தொடங்கியவர் இருக்கிறார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இருவருமாக வாருங்கள். அவனை ஆழமான பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இந்தப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் மூச்சு விடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.