நர்சம்மா பதில்கள்: கூலியும் போகக் கூடாது, உடம்பும் போகக் கூடாது

(ஏற்காடு மலையிலும் சேலம் நகரத்திலும் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் வீட்டுக்காரர் கைத்தறி நெய்கிறார். சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் கூலி போகிறது என்று மெடிக்கலில் பத்துப் பத்து மாத்திரையாக வாங்கிக்கொள்கிறார். உடம்பு தேவலை என்றால் அதையும் நிறுத்திவிடுகிறார். என்ன செய்யட்டும்?
வாசகி, அம்மாபேட்டை

தங்கச்சி, அவர்மேல் கோபப்படாதே. கூலிக்கு நெய்கிறவர் அரை நாளைக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. அதனால் அந்த அரை நாள் போகாத வழியைச் சொல்கிறேன். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் என்று 2023 ஜூனில் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 500 திறந்தார்கள். அங்கே காலை 8 முதல் 12 வரை, மறுபடி சாயங்காலம் 4 முதல் 8 வரை டாக்டர் பார்க்கிறார். தறியை நிறுத்திவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு போனால் போதும். உங்கள் வார்டுக்கு எது என்று அங்கன்வாடியில் கேள், சொல்வார்கள்.

முதல் தடவை அவரே நேரில் போய்ச் சீட்டு போட்டுக்கொள்ளட்டும். அங்கேயே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். காசு கிடையாது. மாத்திரை வீடு தேடி வருகிறது என்று டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின், கண் பரிசோதனை மூன்றையும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் பார்த்தே ஆக வேண்டும்.

நீ தினமும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ராத்திரி அவர் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கு உட்படப் பார். தறிக்குழியில் வெறுங்காலோடு மிதிக்கட்டை மிதிக்கிறவருக்குச் சிராய்ப்பு சகஜம். சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்தால் வலியே தெரியாது. புண் ஆழமான பிறகுதான் வருவார்கள். அப்படி விரலை இழந்த நெசவாளர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தேவலை என்று அவர் சொல்வது மாத்திரை வேலை செய்வதால் வந்த தேவலை. நிறுத்தினால் சர்க்கரை ஏறும். அது சிறுநீரகத்தையும் கண்ணையும் தின்னும்போது ஒரு சத்தமும் கேட்காது.

காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறோம். மருமகளுக்கு எட்டாம் மாதம். ரத்தம் கம்மி, சேலத்துக்குப் போய்ப் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வலி வந்த பிறகு வண்டி பிடித்து இறங்கினால் போதாதா?
மாமியார் ஒருவர், ஏற்காடு

போதாது, அக்கா. ரத்தம் கம்மியாக இருக்கிற பிள்ளை வலியோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கக் கூடாது. மலையில் பாதை இல்லாத ஊர்களிலிருந்து தூளி கட்டித் தூக்கி வந்த தாய்மார்களைப் பார்த்தவள் நான். இப்போது ரோடு இருக்கிறது, 108 இருக்கிறது, ஆனாலும் மழை என்று வந்தால் ரோடு நம் கையில் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மலை இறங்குகிற இன்னொரு பாதையான குப்பனூர் வழி என்றாலும் சுற்றுதான்.

டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே இறக்கிவிடுங்கள். சேலத்தில் சொந்தம் இருந்தால் அங்கே தங்கட்டும். இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்க்க முடியுமா என்று உங்கள் நர்சம்மாவிடமே கேளுங்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்குக் காத்திருக்கிறவர்கள் தங்க அறையும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

ரத்த விஷயம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆபத்து. மாத்திரையிலேயே ஏறுமா, இரும்புச் சத்து ஊசி போடணுமா என்று டாக்டர் முடிவு செய்வார். தோட்டத்தில் விடிந்தால் வரக்காப்பி, பொழுது சாய்ந்தால் வரக்காப்பி. மாத்திரையை அதோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. காப்பிக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பாதிப்பேர் மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். அது இரும்பின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குவது, ரத்தம் படுவது, நீர் உடைவது, குழந்தை அசைவு குறைவது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று உட்காராதீர்கள், உடனே 108. எஸ்டேட் பெயரோடு பக்கத்துக் கோயில், பள்ளிக்கூடம் எது என்றும் சொல்லுங்கள். பனி மூட்டத்தில் டிரைவர் அதை வைத்துத்தான் வருவார். வீட்டு ஆள் ஒருத்தர் டார்ச்சோடு ரோட்டுக்கு வந்து நிற்கட்டும்.

கர்ப்பத்தைப் பதிவு செய்தால் தருகிற பிக்மி எண் வாங்கியாச்சா? பிறப்புச் சான்றுக்கும் அது வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் வேண்டும். 14,000 ரூபாய் தவணையாக மருமகள் கணக்குக்கு வரும், ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டும் உண்டு. அந்தப் பணம் அவள் சாப்பாட்டுக்கு என்று வந்தது, அக்கா. வீட்டுக் கடனுக்கு அதைத் தொடாதீர்கள்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. காப்பீட்டு அட்டை இல்லை. அட்டை இல்லாமல் அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா?
வாசகர், சிவதாபுரம்

பார்ப்பார்கள் தம்பி. அரசு ஆஸ்பத்திரிக்குப் போக அட்டையே தேவையில்லை. ஆனாலும் அட்டை எடுத்து வையுங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் சேரலாம். 5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நெஞ்சு வலி வந்த பிறகு அலைவதைவிட வேலை குறைவான நாளில் ஒருமுறை போய்விடலாம்.

பையனை நாய் கடித்துவிட்டது. சுண்ணாம்பு வைத்தோம். ஊசி அவசியமா?
வாசகி, சூரமங்கலம்

அவசியம், இன்றைக்கே. சுண்ணாம்பைக் கழுவிவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, கட்டுக் கட்டாமல் கூட்டிப் போங்கள். கடித்த முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என்று ஊசி, இலவசம். ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் என்கிற தடுப்பு மருந்தும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். கடைசி ஊசி வரை ஒன்றையும் விடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் என் அம்மாவை ‘ஏய் கெழவி’ என்று விரட்டினார்கள். இனி வரவே மாட்டேன் என்கிறார். மூட்டுவலியும் பிரஷரும் இருக்கிறது.
வாசகர், குகை

படித்ததும் மனசு வலித்தது. நானும் அந்தச் சீருடை போட்டவள். ஒரு நர்ஸ் எத்தனை படுக்கையைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் களைப்பு ஒரு வயசான தாயை ‘ஏய்’ என்று சொல்ல அனுமதிச் சீட்டு ஆகாது. அம்மா வராமல் நின்றுவிட்டால் பிரஷர் அவரை விடாது. அவருக்கு இப்போதைக்குப் பக்கத்து நலவாழ்வு மையம் போதும். கூட்டம் குறைவு, நாலு தடவை போனால் முகம் தெரிந்துவிடும். வீட்டுக்கு மாத்திரை வருகிற பட்டியலிலும் சேர்க்கலாம், வலிக்கு இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு.

நடந்ததை விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், எந்த கவுன்ட்டர் அல்லது வார்டு, சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஓ.பி. சீட்டின் நகலை வைத்து நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். 104 சுகாதார உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். பதில் வராவிட்டால் அதே தாளின் இன்னொரு பிரதியோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.