அந்த வேகம் ராஜாவினுடையதா?

வணக்கம்,

2009 இல் உரப்பையில் சுற்றி வளவுக்குள் புதைத்துவிட்டுப் போன சாமான்களைக் கிண்டி எடுத்தபோது ஏழு கசெற்றுகளும் வந்தன. மேலே ஒட்டியிருந்த தாள் உக்கிப்போய்விட்டது. “எல்லாம் கே.எஸ்.ராஜா. சைக்கிளை மிதிச்சு மிதிச்சு றெக்கோட் பண்ணினது” என்கிறார் அப்பா. ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அரை நிமிடம் கடகடவென்று ஓர் அறிவிப்பு வந்தது, பிறகு நாடா சிக்கிவிட்டது. அந்த வேகத்தைக் கேட்டதுமே “ராஜாதான்” என்றுவிட்டார். மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது? ராஜாவைப் பற்றியும் எழுதுவீர்களா?

– ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

அன்புள்ள நண்பருக்கு,

மிச்சம் ஆறையும் எந்த மெசினிலும் போட வேண்டாம். அதற்குரிய வேலைகளைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் ராஜா.

இயற்பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. 1967 இல் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில், எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கொடிகட்டிப் பறந்த அறிவிப்பாளர். அவருக்கு முந்திய அறிவிப்பாளர் எஸ்.பி.மயில்வாகனம் அந்தச் சேவைக்குக் கடலுக்கு இரு கரையிலும் நேயர்களைத் தேடித் தந்திருந்தார். பி.எச்.அப்துல் ஹமீட் ராஜாவின் சமகாலத்தவர். ஹமீட்டிடம் அளந்து வைத்த நிதானம் என்றால், ராஜாவிடம் பாய்ச்சல். ‘திரை விருந்து’ புதுப்படத்துக்கான விளம்பர நிகழ்ச்சிதான். ஆனால் ராஜா ஒரு கேள்வியைப் போடுவார், படத்திலிருந்து வெட்டி எடுத்த வசனம் அதற்குப் பதில் சொல்லும். ஒலிநாடாவைச் சரியான சொல்லில் நிறுத்திவைத்து, தன் வாய் மூடும் கணத்தில் அது தொடங்கும்படி செய்ய வேண்டும். அரை விநாடி பிந்தினால் பகிடி செத்துவிடும். அவருடைய வேகத்தைப் பின்பற்றியவர்கள் நிறையப் பேர். பெரும்பாலானவர்கள் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினார்கள், ராஜா விழுங்கமாட்டார். சிற்றலையில் ஒலி மங்கி மங்கி வரும்போதும் அவர் சொன்னது பிடிபட்டதற்கு அதுதான் காரணம். 1994 இல் கொழும்பில் கொல்லப்பட்டார்.

இப்போது உங்கள் அப்பா சொன்னதற்கு வருவோம். வடக்குக்குப் பற்றறி வருவது தடைப்பட்டது 1990 இல் போர் மீண்டும் மூண்ட பிறகு. சைக்கிளை மிதித்து, டைனமோ தரும் கரண்டில் றேடியோ கேட்ட காலம் அதுதான். ராஜாவின் பொற்காலமோ அதற்குப் பத்து வருடம் முந்தியது. அப்பா இரண்டு காலத்தை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அதற்காக அவர் சொல்வது பிழை என்று ஆகாது. பழைய கசெற்றின் மேலேயே புதிதாகப் பதிவது அன்றைய வழக்கம். புதிய பதிவு முடிந்த இடத்துக்குப் பின்னால் பழைய ராஜா மிச்சமிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் கடைசி அங்குலம் வரை ஓடவிடுங்கள், நடுவில் பத்து நிமிடம் வெறும் இரைச்சலாக வந்தாலும்.

வேகத்தை மட்டும் வைத்து ராஜா என்று முடிவுகட்ட முடியாததற்கு வேறு காரணம் உண்டு. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். தருவது ஆடலோட்டம் (ஏசி). நான்கு டயோட்டுகளைப் பாலமாகக் கட்டி, 1000 மைக்ரோபராட் கப்பாசிற்றர் ஒன்றைக் குறுக்கே போட்டு நேரோட்டமாக்குவார்கள் (டிசி). மிதிப்பது தளர்ந்தால் வோல்ட் விழும். கசெற் மோட்டருக்குள் வேகக்கட்டுப்பாடு இருந்தாலும், ஓர் அளவுக்குக் கீழே அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டர் மெதுவாக ஓடும்போது பதிந்த குரலைச் சரியான வேகத்தில் போட்டால் அது விரைவாகவும் கீச்சென்றும் வரும். நிதானமாகச் செய்தி வாசித்தவர்கூட மின்னலாகக் கேட்பார். காய்ந்துபோன பற்றறியை வெயிலில் வைத்து உயிர்ப்பித்துப் பதிந்திருந்தாலும் இதே கதைதான்.

கண்டுபிடிக்க வழி உண்டு. பதிவில் ஒரு பாட்டு வந்தால், முதலடி தொடங்குவதிலிருந்து இரண்டாம் சரணம் தொடங்கும் வரை எத்தனை விநாடி என்று அளவுங்கள். முழுப்பாட்டை அளக்காதீர்கள், அறிவிப்பாளர்கள் கடைசியை வெட்டுவார்கள். அதே துண்டை நல்ல பிரதியிலும் அளவுங்கள். நல்ல பிரதியில் 130 விநாடி, உங்களுடையதில் 120 என்றால், பதிவு எட்டு வீதத்துக்குச் சற்று மேலே விரைவு. ஓடாசிற்றி மென்பொருளில் 0.923 ஆல் பெருக்கி இறக்குங்கள். அங்கே ‘டெம்போ’ என்றும் ‘ஸ்பீட்’ என்றும் இரண்டு இருக்கும். சுருதியையும் சேர்த்து இறக்குவது ‘ஸ்பீட்’, அதைத்தான் எடுக்க வேண்டும். பின்னணியையும் கவனியுங்கள். சீரான தாழ்ந்த ரீங்காரம் என்றால் வீட்டுக் கரண்ட். மிதியோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை என்றால் டைனமோ.

இனிக் கசெற். ஐந்து திருகாணி உள்ளதைக் கழற்றலாம். ஒட்டிச் செய்ததென்றால் மூட்டு ஓரமாகக் கத்தி முனையால் பிளக்க வேண்டும், பெட்டி போனால் போகட்டும். ஐந்து திருகாணியுள்ள வேறொரு நல்ல கசெற்றைத் திறந்து, அதன் உருளைகளை எடுத்துவிட்டு உங்கள் நாடாவை வையுங்கள். அதிலுள்ள சிறு பஞ்சுத் துண்டு விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நாடாவை மெசினின் வாசிப்புத் தலையோடு அழுத்துவது அதுதான், அது இல்லாவிட்டால் ஒலி மங்கிப்போகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிழலில் நாட்கணக்காக உலரவிடுங்கள். வெயிலோ தலைமயிர் உலர்த்தியோ கூடாது, சூட்டில் நாடா நெளியும். பூஞ்சணம் நன்றாகக் காய்ந்த பிறகே, வெளியில் வைத்து, முகக்கவசத்தோடு மென்தூரிகையால் தட்டுங்கள்.

பிறகு பென்சிலால் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்ட இடத்தை இழுத்தால் காந்தப்பூச்சு உரிந்துவிடும். அப்படி உரிந்த குரல் திரும்பி வராது. சி-90 (90 நிமிட) நாடாவின் தடிப்பு ஏறத்தாழ 12 மைக்ரோன், சி-60 இல் 18. சி-120 இன்னும் மெல்லியது, அகப்பட்டால் மிகவும் பொறுமை வேண்டும். அறுந்ததைச் செலோரேப்பால் ஒட்டாதீர்கள். பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டும். நாடா ஒட்டுவதற்கென்றே பட்டி விற்கிறார்கள்.

போடும் மெசின் பழைய நல்ல கசெற் டெக்காக இருக்கட்டும். யூஎஸ்பி வயரோடு வரும் மலிவுப் பெட்டிகள் ஆடி ஆடி ஓடுகின்றன, வேகத்தை அளக்கவே முடியாது. தலையை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் துடையுங்கள். தலைக்குப் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக அசைத்து, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் எங்கே கூர்மையாகின்றனவோ அங்கே விடுங்கள். ஒவ்வொரு கசெற்றுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பாதிப் பயன் இதிலேயே இருக்கிறது. 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிகாபைற் பிடிக்கும். இரைச்சலைக் குறைப்பதெல்லாம் பிரதியில் மட்டும்.

அப்பாவைப் பக்கத்தில் இருத்தி, அவர் சொல்வதை எழுதுங்கள். நேரம் சொன்னால் கவனம். 1996 இல் அரசு மணிக்கூட்டை முன்னே தள்ளியது, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. இடையில் வன்னியின் பெரும்பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. இரவில் பிபிசி தமிழோசை அப்பாவுக்கு ஒன்பதே கால், கொழும்புக்கு ஒன்பதே முக்கால். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்கிய நாடாவை இன்னும் வெட்டவில்லைத்தானே? வெட்டாதீர்கள். மெசினின் மேல்மூடியைக் கழற்றி, ரப்பர் உருளையைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள், தானாகக் கழன்று வரும்.